நாத்தனாரின் வேலோமொபைல்

குட்டி யானை வண்டியிலிருந்து அதை இறக்கியபோது எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நல்ல மஞ்சள் நிறம். முன்பக்கம் கூர்ந்த மூக்கு, நடுவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு, பின்பக்கம் மீன் வால் மாதிரி ஒடுங்கியிருந்தது. எதிர் பிளாட் மாமி அதைப் படகு என்றார். இஸ்திரிக்காரர் ராக்கெட்டேதான் என்று சாதித்தார். என் கணவர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தன் அக்காவிடம், "இதுல ஒரே ஒரு சீட்தானே இருக்கு?" என்று கேட்டார். "அதுக்காகத்தாண்டா வாங்கினேன்" என்றார் அக்கா.

அக்கா என் நாத்தனார். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மயிலாப்பூரில் எங்களோடுதான் இருக்கிறார். கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பல வருஷமாக ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தவருக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு வந்து, நின்ற இடத்திலேயே உலகம் சுற்ற ஆரம்பித்தது. மாத்திரையில் அது அடங்கியது. ஆனால் இரண்டு சக்கர வண்டி இனி ஜன்மத்துக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் என் கணவர் அவரைக் காரில் கொண்டுவிட்டுக் கூட்டிவரும் கைங்கரியத்தை ஏற்றுக்கொண்டார். ஆட்டோவில் போகிறேன் என்றாலும் விடமாட்டார். சாயங்காலம் தம்பிக்கு மீட்டிங் என்றால் அக்கா காலி வகுப்பறையில் காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது எவ்வளவு கசந்தது என்பது கூட இருந்த எனக்குத் தெரியும். "பேசாம வேலையை விட்டுடேன்" என்று தம்பி அடிக்கடி சொல்ல, ஒருநாள் அக்காவும் தலைமையாசிரியையிடம் இந்த வருஷத்தோடு நின்றுவிடலாமென்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அடையாறில் வேலை பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது இந்த வண்டியை விற்பதாக ஒரு மாணவியின் அப்பா சொன்னார். வேலோமொபைல் என்று பெயர். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஈசிசேரில் சாய்வது போல் சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டிப் பெடல் மிதிக்க வேண்டும். மேலே ஃபைபர் கூடு. தலை மட்டும் வெளியே தெரியும். விழவே விழாது. டாக்டரிடம் போட்டோவைக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டு, "மூணு சக்கரம்னா எனக்கு ஆட்சேபணை இல்லை. தலை சுத்தினா பிரேக்கைப் போட்டுட்டு அப்படியே உட்காந்திருங்க" என்றார். அக்காவும் தம்பியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இதில் தானே பள்ளிக்குப் போய்வர முடிந்தால் அக்கா வேலையில் தொடரலாம். முடியாவிட்டால் வண்டியையும் வேலையையும் சேர்த்தே விட்டுவிட வேண்டும்.

புது வண்டி என்றால் பூஜை போடாமல் எப்படி? கோயில் வாசலில் குருக்கள் பழக்கதோஷத்தில் நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்து, குனிந்து குனிந்து நான்காவது சக்கரத்தைத் தேடினார். கிடைக்காமல் போகவே அந்தப் பழத்தை என்னிடம் கொடுத்து, "ஆத்துல ஜூஸ் போட்டுக் குடுங்கோ. மாமி மிதிச்சுண்டுன்னா போகணும்!" என்றார்.

அக்காவுக்கு உதவ வேண்டுமென்று என் கணவர் உண்மையிலேயே பாடுபட்டார். முன்பு நாங்கள் வேளச்சேரியில் குடியிருந்தபோது ஒரு மழையில் எங்கள் கார் கீழ்த்தளத்தில் முழுகிப்போனது. அதிலிருந்து ஓட்டை என்று எதைப் பார்த்தாலும் அவருக்கு அடைத்தாக வேண்டும். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, எம்-சீலைப் பிசைந்து பிசைந்து, வண்டியின் மூக்கில், விலாவில், அடியில் இருந்த அத்தனை துவாரங்களையும் அடைத்து, மேலே மஞ்சள் பெயின்டும் அடித்தார். "இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது" என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் கைதட்டினோம்.

திங்கட்கிழமை வெயில் பொளந்தது. அக்கா முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். லஸ் முனையில் ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா மாமி, கப்பலு ரோட்ல போய்க்கினு கீது?" என்றார். அக்கா ராணி மாதிரி கையசைத்தார். ராதாகிருஷ்ணன் சாலையைத் தாண்டுவதற்குள் அந்தக் கை தொங்கிவிட்டது. வண்டி ஓரமாக ஒதுங்கி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் அக்காவின் முகம் வெளுத்து, கண் சொருகியிருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டே கூட வந்த அதே ஆட்டோக்காரர்தான் என்னோடு சேர்ந்து அவரைத் தூக்கி நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தார். பழைய வியாதி திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் போன் செய்ததும் காரில் பறந்து வந்த என் கணவரும் அதையேதான் நினைத்தார். "போதும்க்கா. இன்னிக்கே வித்துடலாம். நீ ஆத்துல இரு" என்றார்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சுத்தல் வேற, மயக்கம் வேற. ரெண்டும் எனக்குத் தெரியாதா?" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் உள்ளே உட்காந்து பாரேன்" என்றார். உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆவி பறக்கும் இட்லிப் பானைக்குள் காலை விட்டது போலிருந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியிலேயே அந்த நிமிஷம் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அடைத்திருந்த இடங்களை நான் தடவிப் பார்ப்பதைக் கண்டதும் என் கணவருக்குப் புரிந்துவிட்டது. "காத்துக்காக வெச்சிருந்ததா அதெல்லாம்?" என்றார். குளிர் தேசத்துக்காரனே காற்றுக்கு வழி விட்டுச் செய்த வண்டியை, மெட்ராஸ்காரர்கள் நாங்கள் மூச்சடைத்து வைத்திருந்தோம். அக்கா முதலில் சிரித்தார். பிறகு நான். கடைசியில், தலையில் அடித்துக்கொண்டே என் கணவரும்.

அன்று சாயங்காலமே மூவரும் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தோம். அடியில் இருந்த பெரிய துவாரம் எதற்கென்றும் அப்போதுதான் தெரிந்தது. அதன் வழியாகக் காலைத் தரையில் ஊன்றித் தள்ளினால் வண்டி பின்னால் நகரும். எங்கள் தெரு அகலத்துக்கு அது இல்லாமல் திரும்பவே முடியாது. மழையில் உள்ளே சேரும் தண்ணீர் வடிவதும் அதன் வழியாகத்தான். மறுநாள் காலை அக்கா கிளம்பினார். நானும் போனேன். பள்ளி வாசலில் இறங்கியபோது அவர் நெற்றியில் இட்ட விபூதி கூட அழியவில்லை. பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து நான் பின்தொடரவில்லை. என் கணவர் மட்டும் சில நாள் ஆபீசுக்குச் சுற்றுவழியில் போனார். எங்களுக்குத் தெரியாது என்று அவர் நினைப்பு.

நல்ல வேலோமொபைல் எது என்று யாராவது கேட்டால் அக்கா இப்போது ஒரு பாட வேளையே எடுப்பார். வேகத்தில் ஒன்றுமில்லை என்பார். வேகத்தடையில் அடி தட்டக் கூடாது. பஸ் டிரைவர் கண்ணில் படும்படி நீளக் குச்சியில் கொடி பறக்க வேண்டும். எங்கள் வண்டியில் பறப்பது என் பழைய ஆரஞ்சுப் புடவையின் முந்தானை. யார் கையையும் பிடிக்காமல், முட்டி நோகாமல் எழுந்து வெளியே வர முடிய வேண்டும். டயர், மாடவீதி சைக்கிள் கடையில் கிடைக்கும் அளவாக இருக்க வேண்டும். நாலு நாள் துணிக்கும் தண்ணீருக்கும் சீட்டுக்குப் பின்னால் இடம் வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "காலம்பற எழுந்ததும் எடுத்துண்டு போகணும்னு தோணணும். தோணலைன்னா அது நல்ல வண்டி இல்லை" என்று முடிப்பார்.

அந்த நாலு நாள் துணி சும்மா சொன்னதில்லை என்பது இந்த விடுமுறையில்தான் தெரிந்தது. முந்தாநாள் விடியற்காலை, பின்னால் இரண்டு பைகளைத் திணித்துக்கொண்டு, அடையாறு வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போய்விட்டார். காரில் பின்னால் வருகிறேன் என்ற தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரி, மரக்காணத்தில் ஒரு ராத்திரி. இன்று மத்தியானம் புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. பின்னணியில் கடற்காற்று இரைந்துகொண்டிருந்தது. என் கணவர் சாப்பிட்டாயா, தலை சுற்றியதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "சரி, எப்போ கிளம்பி வரே?" என்றார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"தெரியலையேடா. இன்னும் யோசிக்கலை."

தம்பியின் கார் வரும் நேரத்துக்குக் காத்திருந்தவர் அப்படி ஒரு பதிலைச் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! என் கணவர் போனை வைத்துவிட்டு, ஏதோ பரிசு வாங்கிவந்தவர் மாதிரி என்னிடம் வந்து, "எப்போ வருவான்னு அவளுக்கே தெரியலையாம்" என்றார்.