மைத்துனனின் நார்மல் ரிப்போர்ட்

ஈஸ்டருக்கு முந்தின நாள், என் மனைவியின் பிடிவாதத்தால், எனக்கும் அவள் தம்பிக்கும் ஒன்றாக ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். நான் மதுவைத் தொட்டதில்லை. அதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவன் எதையும் படித்ததில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் பல ஆண்களைப் போல, நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று குடியை நிறுத்தி ஈஸ்டரன்று மறுபடி ஆரம்பிக்கிறவன்.

ரிப்போர்ட் வந்தது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு ஈரல் என்சைம்களும் எனக்கு வரம்பு மீறி, தடித்த எழுத்தில். அவனுக்கு இரண்டும் நார்மல்.

"என்ன மச்சான், புஸ்தகம் படிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டீங்களா?" என்றான். ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணப்போகிறானாம்.

"தம்பி உடம்பைப் பாருங்க, உங்க உடம்பைப் பாருங்க" என்றாள் மனைவி.

முப்பது வருடப் பொறாமை எனக்கு. அவன் தலைமுடி, அவன் நீச்சல், கல்யாண வீட்டில் அவன் நுழைந்ததும் நாலு பேர் நாற்காலியை நகர்த்தி இடம் விடுவது. ஈரல் ஒன்றாவது என் பக்கம் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அடுத்த வாரம் அவனையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அக்கறை இல்லை. லேப் தப்பு பண்ணிவிட்டது என்று அவர் சொல்லி, அதை அவன் கேட்கவேண்டும்.

எனக்கு டாக்டர் ஒதுக்கியது அரை நிமிடம். "ஈரல்ல கொழுப்புங்க. சோத்தைக் குறைங்க, நடங்க." அவனுடைய தாள்களை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"டெஸ்டுக்கு முன்னாடி எத்தனை நாளா குடிக்கலை?"

"தவக்காலம் முழுக்கங்க."

"அத்தனை நாள் நிறுத்தினா என்சைம் இறங்கத்தான் செய்யும். அடிபட்ட ஈரல் செல்லுலேருந்து கசியறதுங்க அது. செல்லு செத்துத் தழும்பாயிட்டா கசியறதுக்கும் அதிகம் இருக்காது. ரெண்டாம் பக்கத்துல பிளேட்லெட், ஆல்புமின் ரெண்டும் குறைஞ்சிருக்கே, ஈரல் தளர்ந்தா குறையறதுங்க அது, பாக்கலியா?"

வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நானும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அவனுக்கு எடுத்த ஸ்கேனில், ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் என்று வந்தது. புற்றுநோய்க் கட்டி இல்லை. அதற்கான ரத்தப் பரிசோதனையும் இப்போதைக்குச் சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் எடுத்துப் பார்க்கவேண்டும், ஒரு சொட்டும் கூடாது என்றார் டாக்டர்.

ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தான். பாதி வழியில், "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான். நீங்கன்னா பக்குவமா சொல்லுவீங்க" என்றான்.

என்னிடம் ஒரு திறமை இருப்பதாக அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. வாசலில் வண்டியை நிறுத்தியபோது மனைவி எதிரே வந்து நின்றாள். அவன் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினேன்.