ஒரே ஓனர் ஓடிய மலை பைக்

கடந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது பொய்கள் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் தேதி போட்டு, ஊர் போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். கண்டியில் எந்த மழைக்கு எந்த மதில் சரிந்தது என்பதிலிருந்து, எங்கள் வீட்டுப் பூனை எந்தக் கிழமை குட்டி போட்டது என்பது வரை எல்லாம் டயரியில் இருக்கும். அப்படிப்பட்டவனிடம் வந்து பொய் சொன்னால்... எழுதாமல் விடுவேனா?

விஷயம் சிறியதுதான். எனக்கு ஒரு மலை பைக் வேண்டும், மலை ஏறுகிற மோட்டார் சைக்கிள். வேலைக்குப் போக அல்ல. ஞாயிறு காலையில் ஹந்தானைப் பக்கம் ஏறி, தேயிலைக்கு நடுவே போகிற கல்லு ரோட்டில் தெல்தோட்டை வரை குலுங்கிக்கொண்டு போய், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, உடம்பெல்லாம் சேறாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இதைவிடப் பெரிய ஆசைகள் எனக்கு இல்லை.

ஆறு வருஷங்களுக்கு முன் ஒன்று வைத்திருந்தேன். சிவப்பு நிறம். முழங்கால் வலி என்று சொல்லி விற்றேன். இப்போது முழங்கால் தேவலை. ஆனால் வாகன இறக்குமதி நின்றுபோயிருக்கிறது. புதிது வராது. இருக்கிற பழசுகளே கண்டி, கம்பளை, கட்டுகஸ்தோட்டை என்று கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. விற்கிறவர் சொல்வதுதான் சரித்திரம்.

என்ன சரித்திரம்!

முதல் ஞாயிறு, கட்டுகஸ்தோட்டை. "மழையே படாத பைக் சேர்" என்றார் ஒருவர். கண்டியில்! பைக்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்து வளர்த்தாரா?

இரண்டாம் ஞாயிறு, பேராதனைப் பக்கம். "மலைக்கே ஏத்தல்ல, டவுனுக்குள்ளதான் ஓடினது." குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தின் அச்சில் ஒரு பிடி மானாப்புல் சுற்றிக் காய்ந்து கிடந்தது. டவுனில் எந்தத் தெருவில் மானாப்புல் முளைக்கிறது?

டயர் புதிது என்றார் இன்னொருவர். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். பார்த்தேன். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்த அவருடைய மூன்றாம் வகுப்பு மகளைவிட அந்த டயர் மூத்தது.

பொய்யையாவது பொறுக்கலாம். வேஷத்தை எப்படிப் பொறுப்பது? சாதாரண ரோட்டு பைக் ஒன்றுக்கு முன் மட்கார்டை உயர்த்தி, பல்லுப் பல்லான டயர் போட்டு, "டிரெயில் பைக்" என்று நிறுத்தியிருந்தார்கள். அடிவயிறு தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து ரோட்டில் குறுக்கே வெட்டியிருக்கும் முதல் தண்ணீர்க் கானிலேயே இன்ஜின் உட்கார்ந்துவிடும். கேட்டால், "சேர், லுக் எப்பிடி?" என்கிறார்கள். லுக்கை வைத்து மலை ஏறவா?

இந்த ஐந்து ஞாயிறும் என்னோடு அலைந்தவர் நிசார். கம்பளையில் ஹார்ட்வெயார் கடை. முப்பது வருஷ நண்பர். அவரிடம் ஏற்கனவே ஒரு மலை பைக் இருக்கிறது, ஆகவே என் தேடல் அவருக்குப் பொழுதுபோக்கு.

"மச்சான், ஒனக்கு பைக் வேணுமா, இல்ல வழக்குப் போட சாட்சி வேணுமா? போற எடமெல்லாம் நோட்டுப் புத்தகத்த தொறந்தா எவன் விப்பான்?"

"எனக்கு இரண்டு கேள்விதான் நிசார். விழுந்தால் நான் தனியாகத் தூக்க முடியுமா? நின்றால் என் கால் தரையில் எட்டுமா?"

இதைத்தான் விற்பவர்கள் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் பெரிய இன்ஜினைத்தான் காட்டுகிறார்கள். பெரிய இன்ஜின் ரோட்டில் மரியாதை, சேற்றில் சுமை. தேயிலைச் சரிவில் அது உங்கள் மேல் சாய்ந்துவிட்டால், தூக்கிவிட யார் வருவார்? உயரமும் அப்படித்தான். மலை பைக் எல்லாம் நெட்டையர்களுக்காகச் செய்தவை. என் உயரத்தைச் சொல்ல மாட்டேன். கால் எட்டாமல் இதுவரை நான்கு பைக்குகளை விட்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

இனி ஐந்தாம் ஞாயிறு.

கம்பளையில் சேகர் என்று ஒருவர். வீட்டு முற்றத்தில் வைத்து பைக் விற்கிறார். நாங்கள் போனபோது ஏற்கனவே ஒரு தம்பதி அங்கே இருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத்துப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை பிலோமினா, அவருடைய கணவர் அன்டன். அன்டனிடம் பைக் இருக்கிறது. இது பிலோமினாவுக்கு.

நீல நிற பைக். சிறிய இன்ஜின். டாங்கியும் மட்கார்டும் புதிது. நம்பர் பிளேட் இல்லை. "புதுசு எழுதக் குடுத்திருக்கேன்" என்றார் சேகர். பிலோமினா ஏறி உட்கார்ந்தார்.

"அன்டன், இங்க பாருங்க... ரெண்டு குதியும்! ரெண்டும் தரையில!"

அந்தக் குரலின் சந்தோஷம் என்னைப் போன்ற குட்டையர்களுக்குத்தான் புரியும். அவர் இறங்கி என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை அளந்தார்.

"நீங்களும் ஏறிப் பாருங்கண்ணே. நீங்களும் நம்ம சைஸ்தானே."

நிசார் அதற்கே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் ஏறினேன். குதிகள் தரையில் பதிந்தன. கைகள் தேடாமலே பிரேக்கில் போய் நின்றன. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல ஒரு பைக்! முந்தி வந்தவர் அவர் என்பதுதான் துக்கம்.

"சீட்டுல பஞ்ச வெட்டிக் கொறச்சிருக்கு" என்றார் சேகர். "ஒரே ஓனர் அண்ணே. கண்டியில ஒரு வயசான டீச்சர். பூ மாதிரி வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழம கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாரு."

"கோயில் எங்க, மலை உச்சியிலயா?" என்றார் நிசார்.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒன்பதாவது பொய்யை எழுதினேன். எழுதிவிட்டு, பைக்கின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். சேகர் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரியா இருக்குண்ணே, ஓப்பன் பேப்பர்தான்" என்று உள்ளே போய் எடுத்து வந்தார்.

ஓப்பன் பேப்பர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயரை எழுதாமல், அதே படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு. வண்டி ஊர் ஊராகப் போகும். புத்தகத்தில் மட்டும் பழைய பெயரே இருக்கும். கேட்டால் "ஒரே ஓனர்."

பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். கண்டி விலாசம். மூன்று இனிஷியல். ஒரு பெயர்.

என் பெயர்.

நிசார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு அப்படியே முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அல்லாஹ்வே! ஒன்ட பைக்க ஒனக்கே அடையாளம் தெரியல்லயா மச்சான்? தேதி எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிறவன்!"

எனக்குக் கோபம் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. "யார் ஐசே அந்த டீச்சர்? நான் எப்போது டீச்சர் வேலை பார்த்தேன்? ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போனேன்? எனக்கு எப்போது வயசானது?"

சேகர் அசரவில்லை. "புக்குல ஒரு பேருதானே இருக்கு? அப்ப ஒரே ஓனர்தானே?"

"எனக்குப் பிறகு எத்தனை பேர்?"

"எனக்கு முன்ன மூணு பேர் ஓடினாங்க. எல்லாம் மலைக்குப் போற பொடியன்மார்தான்."

இதைவிட வேறென்ன வேண்டும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பொய்யைப் பற்றியும், ஓப்பன் பேப்பரைப் பற்றியும், இந்த நாட்டின் நேர்மையைப் பற்றியும் அந்த முற்றத்தில் ஒரு பிரசங்கமே செய்தேன். உண்மையைச் சொன்னால், ரசித்துத்தான் செய்தேன்.

அந்த நேரம் பிலோமினா ஹெல்மட் போட்டுக்கொண்டார். சண்டை எங்களுடையது, கால் எட்டுகிற பைக் அவருக்குக் கிடைத்தாயிற்று. வீட்டுக்குப் பின்னால் ஏறுகிற கல்லுப் பாதையில் ஒருதரம் ஓடிப் பார்க்கப் போகிறார். பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே அன்டனிடம் சொன்னார்:

"வாற சனிக்கிழம உங்களோட நானும் இறங்குறேன். அந்த மேல் மலையில இருந்து, கல்லு ரோட்டால, ஒரே இறக்கமா!"

பிரசங்கத்தை அப்படியே விட்டுவிட்டு பைக்குக்கு முன்னால் ஓடினேன்.

"டீச்சர், நிப்பாட்டுங்க!" இந்த முறை உண்மையான டீச்சரைத்தான் கூப்பிட்டேன். "இறங்குங்க. தயவுசெய்து இறங்குங்க."

அவர் இன்ஜினை நிறுத்தி இறங்கினார். நான் மண்டியிட்டு, டாங்கிக்கு அடியில் கையை விட்டேன். ஹாண்டில் வந்து சேசியில் சேர்கிற கழுத்து. அதற்குச் சற்றுக் கீழே, கறுப்புப் பெயின்டுக்கு உள்ளே, நெல்மணி அளவில் வரிசையாகச் சில வெல்டிங் மேடுகள். ஒட்டு. எந்த இடத்தில் இருக்கும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

முழங்கால் வலி என்று விற்றதாக மேலே எழுதினேன் அல்லவா? ஆறு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வருகிறேன். முழங்கால் வலித்தது உண்மைதான். ஏன் வலித்தது? ஹந்தானை இறக்கத்தில் விழுந்ததால். அன்று சேசி கழுத்துக்குக் கீழே வெடிப்பு விட்டது. வெல்டிங் பண்ணியவர் அன்றே சொன்னார்: "ரோட்டுல மெதுவா ஓடலாம். இனி இத மலைக்கு ஏத்த வேணாம். இறக்கத்துல கழுத்து விட்டுச்சின்னா ஹாண்டில் உங்க கையில இருக்கும், சக்கரம் வேற எடத்துல இருக்கும்."

நான் ஒட்டின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அடுத்த மாதம் விற்றேன்.

அந்த முற்றத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிலோமினா குனிந்து, நான் தொட்ட இடத்தில் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹெல்மட்டைக் கழற்றினார். அன்டன்தான் கேட்டார்: "இது தெரிஞ்சுதான் வித்தீங்களா அண்ணே?"

பதிலுக்கு நான் சேகரைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? பழக்கம். ஐந்து வாரமாகக் குற்றவாளியை எதிரில் தேடிய பழக்கம். "இதையாவது பார்த்துச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"டாங்கிய மாத்தினேன். மட்கார்ட மாத்தினேன். டீச்சர்னு பொய் சொன்னேன், அதையும் ஒத்துக்கிறேன்" என்றார் சேகர். "ஆனா கழுத்துல நான் கை வைக்கல்லண்ணே. இந்தக் கறுப்புப் பெயின்ட் நான் அடிச்சதில்ல."

நிசார் அப்போது சிரிக்கவில்லை.

அந்த பைக்கை நானே திருப்பி எடுத்துக்கொண்டேன். பேரம் பேசவில்லை. பேசும் முகம் இல்லை. ஓட்டாமல் லொறியில் ஏற்றி வந்து, செவ்வாய்க்கிழமை அதே வெல்டிங் கடையில் சேசியை இரண்டாக அறுக்கச் சொன்னேன். அறுத்த வாயில் பார்த்தேன்: ஒட்டின் பாதி ஏற்கனவே திறந்திருந்தது. உள்ளே பழைய துரு. இன்னும் எத்தனை இறக்கம் தாங்கியிருக்கும்? ஒன்று? அரை?

பிலோமினா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த சீட்ட மட்டும் எனக்குக் குடுங்கண்ணே. வேற பைக் கெடச்சா மாட்டிப் பாக்கலாம்." கொடுத்துவிட்டேன். என் உயரத்துக்காக அந்தப் பஞ்சை வெட்டியது நான்தான்; அந்த பைக்கில் நான் ஒளிக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் அந்த மூன்று பேர்? என் ஒட்டின் மேல் உட்கார்ந்து மலை இறங்கிய மூன்று பேர்? பூனைக்குட்டிகளின் பிறந்த கிழமையை எழுதி வைத்திருக்கிற என்னிடம் அவர்களின் பெயர் இல்லை. சேகரிடமும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் இருக்க வாய்ப்பே இல்லை, அங்கேதான் நான் உட்கார்ந்திருக்கிறேனே! ஓப்பன் பேப்பர் மோசடி என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். அதில் இருந்த கையெழுத்து யாருடையது? இதைப் படிப்பவர்களில் யாராவது, பஞ்சு வெட்டிய சீட்டுள்ள ஒரு பைக்கைக் கண்டி வட்டாரத்தில் வாங்கி ஓட்டியிருந்தால், ஒரு வரி எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

சேசியை அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அலுமாரியில் இருந்து ஆறு வருஷத்துக்கு முந்திய டயரியை எடுத்தேன். விற்ற நாளின் பக்கத்தில் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: "காலை தூறல். பைக் விற்றாயிற்று. விழுந்திருக்கிறதா என்று வாங்கியவர் கேட்டார். ஒருதரம் சும்மா சாய்ந்தது என்றேன்."

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பத்தாவது பொய்யை எழுதப் போனேன். பிறகு ஒன்பதுக்கும் மேலே, பக்கத்தின் தலையில் எழுதினேன். தேதி வரிசைப்படி அதுதான் முதலாவது.