தலைவர் வீட்டு வயர்லெஸ்

அப்துல் ஜலீலுக்கு யாரையும் எளிதில் மதிக்க வராது. துபாய்த் துறைமுகத்தில் கப்பல் வயர்லெஸ் பழுது பார்த்துவிட்டு வந்து, நன்னிலம் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருந்தார். ஆகாசவாணியில் மந்திரி பேச்சு முடிந்தால் ஒரு கனைப்பு. எந்தக் கட்சி மந்திரியானாலும் அதே கனைப்புதான்.

அவர் மதிப்பில் எல்லாருக்கும் கீழே கிடந்தவர் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இராஜாங்கம். ஆட்சி மாறினால் மறுநாளே துண்டின் கரை மாறும். மேடையில் உழுபவனுக்கே நிலம் என்பார். வீட்டுக்கு வந்தால் குத்தகைக்காரர்களைக் கிளப்ப வழி தேடுவார்.

ஒருநாள் அந்த மனிதர் கடைக்கு வந்து நின்றார்.

"மச்சான் சிங்கப்பூர்லேருந்து வயர்லெஸ் செட்டு ரெண்டு கொண்டாந்திருக்கான் பாய். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில குழாய் ஸ்பீக்கர் இருக்குல்ல, அதோட சேத்து வுடுங்க. வீட்ல உக்காந்து பேசினா ஊரே கேக்கணும்."

"அதுக்கு லைசென்ஸ் வேணுங்க."

"ஆட்சியே நம்மது. லைசென்ஸ் எதுக்கு?"

மறுத்தால் கடைக்குக் கரண்டு நிற்கும். ஜலீல் ஒரு செட்டை ஆபீஸ் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார்; மற்றதைத் தலைவர் கையில் கொடுத்தார்.

"பொத்தானை அமுக்கிப் பேசுங்க. பேசினதும் கையை எடுத்துடுங்க."

"எனக்கே பாடமா?"

அன்று முதல் ஊருக்குத் தினமும் அருளுரை. தலைவரின் இருமலும் ஏப்பமும்கூட எட்டுத் தெருவுக்கும் போயின.

தை மாதத்தில் ஒரு காலை. ஆம்ப்ளிஃபயர் இரைகிறது என்று அழைத்ததால் ஜலீல் ஆபீஸில் இருந்தார். தலைவர் மண்ணெண்ணெய் வந்திருப்பதை அறிவித்துவிட்டு, செட்டை ஊஞ்சலில் போட்டு அதன்மேலேயே சாய்ந்திருக்க வேண்டும். பொத்தான் தொடைக்கடியில் அமுங்கிவிட்டது. தன் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரனிடம் அவர் பேசியது மாடியிலிருந்து முழங்கியது.

"மருதையா, காளியம்மா வயலை வெள்ளிக்கிழமை அறுத்துடு. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்க வர்றானுவ. கேட்டா, உனக்குக் குத்தகையே கிடையாதுன்னுடு. இந்த ஊரு சனத்துக்கு வாய்தான் இருக்கு, மூளை ஏது?"

பஞ்சாயத்துப் பியூன் தங்கையன் பதறி ஓடிவந்தான். "நிறுத்துங்க பாய்!"

சுவிட்சு ஜலீலின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"தலைவர் பேசுறாருப்பா. நடுவுல நிறுத்துனா மரியாதையா இருக்குமா?"

தெருவில் சாணிக்கூடையோடு போன காளியம்மாள் கூடையை இறக்கினாள். "கேட்டுச்சாடி எல்லாருக்கும்? அருவாளை எடுத்துக்கிட்டு வாங்க." பொழுது சாய்வதற்குள் அவள் சாகுபடி நெல் முழுதும் கட்டுக்கட்டாக அவள் களத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் இராஜாங்கம் கடையில் வந்து குதித்தார். "ஏன்யா நிறுத்தல?"

"ஊரே கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அந்த வாரமே கடைக்குக் கரண்டு போயிற்று. ஜலீல் பேட்டரி வைத்து வேலை பார்த்தார். குத்தகை வழக்கு தாலுகா ஆபீசுக்குப் போனது. சாட்சி சொல்ல ஒரு தெருவே கிளம்பி வந்ததில் தீர்ப்பு காளியம்மாள் பக்கம் ஆனது. அவள் புத்தரிசி மூட்டையோடு கடைக்கு வந்து கும்பிட்டாள்.

"எனக்கு எதுக்கும்மா கும்பிடு? ஒரு மனுசன் வாயைத் தொறந்தான், நான் மூடல" என்றவர், அரிசியை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிரித்துப் போட்டிருந்த ரேடியோவிடம் திரும்பினார்.