இடது பக்கம் கேட்காத ஹெட்போன்கள்

ஸ்பின்னிங் மில்லில் சேர்ந்து ஒன்பதாவது வருஷம் எனக்கு ஹெட்போன் பைத்தியம் பிடித்தது. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் நூல் முறுக்கும் மிஷின்கள் வரிசையாக ஓடும். உள்ளே போனால் எட்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச முடியாது. கையைக் காட்டி, உதட்டைப் பார்த்துத்தான் எல்லாம். வீட்டுக்கு வந்த பிறகும் இரைச்சல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால் தெரியாது. துக்கமாகவும் இல்லை. ஷிப்ட் முடியும், சாப்பிடுவேன், படுப்பேன்.

முதல் ஹெட்போன் சேத்தூரில் கிடைத்தது. என் மனைவியின் பெரியப்பா ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கம்பளிகளை வெயிலில் போட டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் அது கிடந்தது. கறுப்பாக இரண்டு வட்டங்கள், தலையில் மாட்ட காக்கித் துணி சுற்றிய பட்டை.

"இது வேலை செய்யுமா மாமா?"

"யாரு கண்டா? கொண்டு போங்க மாப்ள. இங்க எலிதான் கடிக்குது."

மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வட்டமான இரும்புத் தகடு, அதன் அடியில் காந்தம், தலைமுடி போல மெல்லிய கம்பி சுற்றிய சுருள். தகட்டில் துரு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அறுந்த வயரை மாற்றினேன். காதில் படும் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மனைவி பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே கழித்துப் போட்ட துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ரேடியோவில் இணைத்து மாட்டினேன். யாரோ பருத்திக்கு மருந்தடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒரு மனுஷன் பேசுவதை முழுதாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. அம்புட்டுதான். ஆனால் மறுநாளும் மாட்டினேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போக ஆரம்பித்தேன். அது மனைவியின் பிறந்த ஊர். அவள் தன் அம்மாவோடு கோயிலுக்குப் போவாள், நான் பழைய சாமான் கடைக்குப் போவேன். "வாங்க காதுக்காரரே" என்பார் கடைக்காரர். வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் கழித்துப் போட்டது, எந்த ஆபீசிலோ ஏலம் விட்டது என்று எனக்காக ஒரு சாக்கில் எடுத்து வைத்திருப்பார். தொண்ணூறுகள் பிறந்தபோது என் சுவரில் பதினொன்று தொங்கின. அவற்றில் கடைசியாக வாங்கிய மூன்றுக்கு இடது பக்கம் சத்தம் குறைவு. சாக்பீஸால் 'இ' என்று குறித்து ஓரமாக மாட்டியிருந்தேன்.

பதினோராவது, பழுப்பு நிறம், நல்ல கனம். மற்ற இரண்டைப் போல அதிலும் இடது பக்கம் மந்தம்தான். சுருளை அவிழ்த்துப் புதுக் கம்பி சுற்றினேன். இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை முழுதாகச் சுற்ற ஒரு வாரம் ஆயிற்று. மாட்டிப் பார்த்தால் அதே மந்தம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இத செத்த மாட்டிப் பாரு. இடப்பக்கம் எப்படி இருக்கு?"

கையைச் சேலையில் துடைத்துவிட்டு மாட்டினாள். கண்ணை மேலே உயர்த்திக் கேட்டாள்.

"நல்லாத்தான கேக்குது."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும் ஒண்ணு போலத்தாங்க இருக்கு."

வயர் எப்போதும் இடது தோளில் விழும்படி மாட்டுவது என் வழக்கம். அன்றைக்கு வாங்கித் திருப்பி மாட்டினேன். மந்தம் இடது காதிலேயே நின்றது. சுவரில் இருந்த மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். பெரியப்பாவுடையதும் அப்படித்தான். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நன்றாக இருந்த சுருளை வாரக்கணக்கில் பிரித்து மேய்ந்திருக்கிறேன்.

மனைவி என் முகத்தையே பார்த்தாள். "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையிலேயே எனக்குள் ஒன்றும் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைக் கேள்விப்பட்டது போல இருந்தது. அன்று கீரை சாப்பிட்டேன். ருசி நினைவில்லை.

அவள் விடவில்லை. மதுரைக்கு ரயிலில் கூட்டிப் போனாள். காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் கொடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தினேன். இடது காதுக்கு முறை வந்தபோது உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தேயிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே மனைவியின் உதடு "அழுத்துங்க, அழுத்துங்க" என்றது. மில்லில் பழகிய கண், அது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"நரம்பு போயிருச்சு. திரும்ப வராது. வலதும் லேசா ஆரம்பிச்சிருக்கு. அந்த மிஷின் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"இந்த ஹெட்போன்ல பஞ்சு காஞ்சு போச்சு சார். மாத்திரணும்" என்றேன்.

மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். ரயில் ஸ்டேஷன் வரும்வரை அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தேன்.

மில்லில் குடோனுக்கு மாற்றல் கேட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார், சொன்னேன். தலையாட்டினாரே தவிர ஆச்சரியப்படவில்லை. டீக்கடையில் என்னோடு மிஷின் ஓட்டியவர்களிடம் சொன்னபோது, அவர்களில் மூத்தவர் தன் வலது காதைத் தட்டிக் காட்டினார். "எனக்கு இது போயி எம்புட்டு வருசமாச்சு! உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்?" என்றார். இன்னொருவர் சிரித்தார். அந்தக் கடையில் நாங்கள் எல்லோரும் எப்போதுமே கத்தித்தான் பேசுவோம். அது மில்காரர்கள் வழக்கம் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஹெட்போன் வேலையை விடவில்லை. தகட்டையும் வயரையும் நான் பார்ப்பேன், காது அவளுடையது. முடித்துக் கொடுத்தால் மாட்டிப் பார்த்து, "கரகரங்குது", "சரியா இருக்கு" என்று என் வலது பக்கம் வந்து சொல்வாள். முதலில் எனக்காகத்தான் கேட்டாள். போகப் போகச் சரிபார்த்த பிறகும் கழற்ற மாட்டாள். ஒரு சாயங்காலம் பழுப்பு நிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை லேசாக ஆடியது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்கலாமா என்று யோசித்தேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்து, குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.