வெயிலில் வைத்த வெண்ணெய்ப் பீப்பாய்

எது நமுத்துப் போனாலும் வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. துபாய்க்குப் பக்கத்திலிருக்கும் ராஸ் அல் கைமாவில் வெயிலுக்கா பஞ்சம்? அந்த நம்பிக்கைதான் எங்களை மாட்டிவிட்டது.

அப்பா ஒரு டைல்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய மேனேஜர் அயர்லாந்துக்காரர். அம்மா மிக்ஸியில் வெண்ணெய் எடுப்பதைக் கேள்விப்பட்ட மேனேஜரின் மனைவி, தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மரப்பீப்பாயை ஒரு வாரத்துக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பினார். பலகைகளைச் சேர்த்து இரும்பு வளையம் போட்ட, என் இடுப்பளவு பீப்பாய். மூடியின் ஓட்டை வழியே நீளமான மத்தை மேலும் கீழும் இடிக்க வேண்டும். அவருடைய அம்மா காலமெல்லாம் வெண்ணெய் எடுத்தது அதில்தானாம்.

வெண்ணெய் அருமையாகத் திரண்டது. "நல்லாக் கழுவி பால்கனில கவுத்து வைடி, பூசணம் புடிச்சிரும்," என்றாள் அம்மா. வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தூக்கினால் வளையங்கள் கழன்று என் காலில் விழுந்தன. பலகைகளுக்கு நடுவே விரல் நுழைந்தது.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அப்பாவின் கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே மேனேஜர். "நேரம் பாத்துப் பண்ணியிருக்கா பாரு உம் பொண்ணு," என்றார் அப்பா. வைக்கச் சொன்னது யார் என்று அம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. விசா, ஸ்கூல், ஊர் என்று கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்கும்போதெல்லாம் நான் போய்ப் பலகை இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தேன். அப்பா மரப்பசை வாங்கிவந்து, திறக்கத் தைரியமில்லாமல் அலமாரியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பீப்பாயைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு மூவரும் போனோம். மேனேஜரின் மனைவி பிரித்துப் பார்த்தார், சிரித்தே விட்டார். மரத்துக்குத் தாகம், அவ்வளவுதான் என்று வளையங்களை மாட்டி, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் பீப்பாயைப் படுக்கவைத்தார். இரண்டு நாள் ஊறினால் பலகை உப்பி இறுகிவிடுமாம்.

எனக்குப் போன உயிர் திரும்பியது. அப்புறம்தான் ஹாலைக் கவனித்தேன். சுவரில் படங்கள் இல்லை. டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. பொம்மைக்கு வீடு செய்ய ஒன்று கேட்டேன். மேனேஜர் ஒரு காலிப்பெட்டியை என்னிடம் தந்துவிட்டு, கம்பெனி தன்னை வேலையிலிருந்து போகச் சொல்லிவிட்டதாக அப்பாவிடம் சொன்னார். "கலாஸ்," என்று அரபியில், எல்லாம் முடிந்தது என்பதுபோல் கையை விரித்தார்.

காரில் ஏறியதும் அப்பா ரேடியோவை அணைத்தார், அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பீப்பாய்தான் பிழைத்துவிட்டதே, இன்னும் என்மேல் என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே எதையும் வெயில்ல வைக்க மாட்டேம்மா," என்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி என் காலைப் பிடித்துக்கொண்டாள்.