அண்ணனின் சட்டைப் பை

அண்ணனை நினைத்தால் அவருடைய சட்டைப் பைதான் எனக்கு முதலில் கண்ணில் நிற்கும். கம்பெனி கொடுத்த வெளிர்நீலச் சட்டை, இடது பக்கம் ஒரு பை. பல வருடங்கள் சிகரெட் பெட்டியைச் சுமந்து சுமந்து அந்தத் துணி பெட்டியின் அளவுக்கே சதுரமாகத் தொங்கிப்போயிருந்தது. பிறகு ஒரு நாள் அதே பையில் அசாம் பாக்கெட் வந்து உட்கார்ந்தது. உப்பில் ஊறிக் காய்ந்த புளிப்புப் பழம் அது. தூரம் ஓட்டுகிற லோரிக்காரர்கள் தூக்கம் கலைய ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்கள். அண்ணன் தூக்கத்துக்காக அதை வாங்கவில்லை. சிகரெட்டை விட்ட வாய்க்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. நாளெல்லாம் ஒரு கன்னம் உப்பியபடியே பேசுவார். பல்வலி என்று நினைத்துப் பாவப்பட்டவர்களும் உண்டு.

அவர் என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். நான் அங்கேயே சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தாள் வேலை பார்க்கும் கிராணி. தாள்களை நீட்டிக்கொண்டு ஜன்னலில் வந்து நின்றவர், இருவர் வீடும் மேரு பக்கம் என்று தெரிந்த அன்றே என்னைத் தம்பி ஆக்கிக்கொண்டார். வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், சாலையோரத்து ஒட்டுக்கடையில் சாயங்காலம் உட்காருவோம். மூன்றாவது ஆள் அவருடைய மனைவியின் தம்பி. துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அண்ணன் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் மச்சான் ஆகிப்போனார். தன் மனைவி பிரிந்துபோன பிறகு மச்சான் ஃபிளாட்டில் தனியாக இருந்தார். அந்த ஒட்டுக்கடையை விட்டால் அவருக்குப் பேச ஆள் கிடையாது.

இளமையில் கால்பந்தும் அரசியலும் பேசிய வாய்கள்தான் எங்களுடையவை. ஐம்பது வயது கடந்ததும் பேச்சு முழுக்க உடம்புக்குள் போய்விட்டது. யாருக்கு எந்த மாத்திரை மாற்றினார்கள், எது வயிற்றைக் கலக்குகிறது, கிளினிக்கில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதுதான் எங்கள் நாட்டு நடப்பு. "எனக்கு இனிப்பு நீரு, தம்பிக்கு ரத்தக் கொதிப்பு, மச்சானுக்கு முட்டி. மூணு பேரையும் சேத்தா ஒரு முழு நோயாளி தேறும்" என்பார் அண்ணன். கடைக்கார அக்கா எங்கள் மேசைக்கே கிளினிக் என்று பெயர் வைத்திருந்தார். பாலும் சீனியும் இல்லாத தேநீரான தே ஓ கோசோங் மூன்று கேட்டுவிட்டு, கூடவே ரொட்டி சானாய்க்குச் சீனி தொட்டுக்கொள்ளும் யோக்கியர்கள் நாங்கள். அக்கா சீனிக் கிண்ணத்தைத் தூரமாக நகர்த்தி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி மாவு பிசைவார்.

எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. அவர்கள் இருவருக்கும் இருந்தது. சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, அக்கா மேசைகளிலிருந்து மூன்று மீட்டர் அளந்து தாரில் ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடை, சாக்கடையை ஒட்டி ஒரு மாமரம். மச்சானும் அண்ணனும் கிளாஸோடு மரத்தடியில் போய் நின்றுகொள்வார்கள். நான் இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருப்பேன். பேச்சு அறுந்துபோகாமல் இருக்க அவர்கள் அங்கிருந்து கத்துவார்கள். மச்சானின் மூலத் தொல்லை மேரு சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தது அப்படித்தான்.

அண்ணன் சிகரெட்டை விட்டது முதல் தடவை அல்ல. வருடா வருடம் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுப்பார். விரத நாட்களில் சிகரெட்டைக் கையாலும் தொடமாட்டார். பத்துமலையில் காவடி இறக்கி, வீட்டுக்கு வந்து விரதம் முடித்த கையோடு முதல் காரியமாக வாசலில் நின்று ஒன்றைப் பற்ற வைப்பார். எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் கதை இதுதான். விட முடியும் என்று வருடந்தோறும் நிரூபித்துவிட்டு, விடாமலே இருப்பார்கள். அண்ணி ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நம்பி நம்பி ஓய்ந்துபோனார். "முருகனுக்கே தண்ணி காட்டுற ஆளு, எனக்குக் காட்டமாட்டாரா?" என்று என்னிடமே ஒரு முறை சொன்னார். அதில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. சலிப்பு நிறைய இருந்தது.

கடைசித் தடவை விட்டதற்கு விரதம் காரணமில்லை. இடது பாதத்தில் ஒரு சின்னப் புண், ஆறவே இல்லை. முதலில் செருப்புக் கடி என்று மஞ்சள் வைத்தார். பிறகு கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் இளவயதுப் பெண், தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், சீனி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் புகை உங்க கால்ல ரத்தம் ஓடுற வழிய அடைச்சிக்கிட்டு வருது. இத விட்டாத்தான் காலு நிக்கும்" என்று சொல்லியிருக்கிறது. அன்று சாயங்காலம் அதை எங்களுக்குச் சொல்லும்போது அண்ணன் சிரிக்கவில்லை. "கிளட்ச் மிதிக்கிற காலு தம்பி" என்று மட்டும் சொன்னார். பையிலிருந்த பெட்டியை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். மறுநாள் அந்த இடத்தில் அசாம் இருந்தது.

முதல் சில வாரங்கள் பார்க்கவே பாவமாக இருந்தது. பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவார். ஆனால் புண் காய ஆரம்பித்தது. மாதா மாதம் கிளினிக்கில் ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள், உள்ளே புகை இருக்கிறதா என்று பார்க்க. ஒரு நாள் அவர் ஊதியபோது பச்சை விளக்கு வந்ததாம். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் போல் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அண்ணி குழம்பைக் கிளறியபடியே, "மிஷினுக்கு என்னா தெரியும்? அது உங்ககூட குடும்பம் நடத்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லி அவரே சிரித்தார். ஆனால் அன்று தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கால் பிழைத்துவிட்டது. இனி அண்ணி ஒரே ஒரு தடவை நம்ப வேண்டும், அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அண்ணி நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. தினமும் அண்ணனின் சட்டையில் புகை வாசம் வந்தது. சிகரெட்டை விட்ட பிறகும் அவர் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்காரவில்லை. பழையபடி மச்சானோடு மரத்தடியில்தான் நின்றார். அங்கே நின்றால் ஆசை வராதா, வாசம் ஒட்டாதா என்று நான் கேட்டேன். மச்சான் கை கழுவப் போன நேரமாகப் பார்த்து அண்ணன் பதில் சொன்னார். "அவன் தனியா நின்னா ஒண்ணு முடிய இன்னொண்ணு பத்த வைப்பான் தம்பி. நான் பக்கத்துல பேச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா ஒண்ணோட வந்து உக்காந்துருவான். வீட்லயும் தனியாத்தான் நிக்கிறான், இங்கயும் ஏன் தனியா நிக்கணும்?" நான் வேண்டுமானால் அண்ணியிடம் எடுத்துச் சொல்கிறேன் என்றேன். "நீ சொன்னா கூட்டுக் களவாணிம்பா. விடு லா. நாள் போனா அவளுக்கே தெரியும்" என்று அசாமை அடுத்த கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டார்.

நாள் போகவில்லை. ஒரு மத்தியானம், துறைமுக வாசலில் லோரிகள் வரிசையில் நிற்கும்போது, அண்ணன் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். முன்னால் இருந்த லோரி நகர்ந்தும் இவர் லோரி நகராததைப் பார்த்துப் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்திருக்கிறார். பிறகுதான் இறங்கி வந்து பார்த்திருக்கிறார்கள். மாரடைப்பு. பழைய புகை செய்து வைத்த வேலையோ, இனிப்பு நீரோ, இரண்டும் சேர்ந்தோ, யார் கண்டது? துக்க வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். சிகரெட்தான் கொன்றது, சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. நானும் மச்சானும் கூடாரத்துக்குள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அழுகிற வீட்டில் யாரிடம் போய் வாதம் பண்ணுவது?

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து, சாயங்காலம் படையல் போட்டார்கள். அண்ணன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை, இலை நிறைய அவருக்குப் பிடித்தவை. ஆட்டுக்கறி, நண்டுப் பிரட்டல், இத்தனை வருடம் மறுக்கப்பட்ட இனிப்புக் கோப்பி ஒரு கிளாஸ். அதற்குப் பக்கத்தில் அண்ணி ஒரு புதுச் சிகரெட் பெட்டியை வைத்தார். எங்கள் வீடுகளில் அது வழக்கம்தான். போனவர் சாராயப் பிரியர் என்றால் சாராயம், சுருட்டுக்காரர் என்றால் சுருட்டு. சிகரெட் என்றால் ஒன்றைப் பற்ற வைத்து இலையோரம் வைப்பார்கள். அண்ணி பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "உசுரோட இருந்தப்ப நிம்மதியா ஒண்ணு புடிக்க விட்டனா நானு? ஒளிஞ்சு ஒளிஞ்சே காலத்த ஓட்டிட்டாரு. இன்னிக்காச்சும் வீட்டுக்குள்ள உக்காந்து புடிக்கட்டும். பத்த வச்சு வைடா."

மச்சான் சிகரெட்டை வாங்கிக்கொண்டார். லைட்டரையும் எடுத்துவிட்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த நல்ல பேர் அவருக்குக் கிடைக்கும். ஆனால் கடைசி வருடம் முழுக்க வீணாகக் கரித்துக் கொட்டினோம் என்பது அண்ணிக்கு மிஞ்சும். போனவருக்கு இனி என்ன, இருக்கிறவர் மனசைப் பார்ப்போம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மச்சானால் முடியவில்லை. வாய் வரைக்கும் கொண்டுபோன சிகரெட்டை இறக்கிவிட்டு, படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அக்கா, மாமா இத விட்டு ஒரு வருசம் ஆவுது. சத்தியமா விட்டுட்டாரு. சட்டையில வந்த வாசம் என்னோடது. எனக்குத் துணைக்கு வந்து நிப்பாரு, அவ்வளவுதான்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நெசமா தம்பி?" நெசம்தான் அண்ணி என்றேன். "அப்ப அந்த அசாமு?" என்றார். சிகரெட் ஆசை வரும்போதெல்லாம் அதைத்தான் வாயில் போட்டுக்கொள்வார் என்று மச்சான் சொன்னார். "வாய் வாசம் எனக்குத் தெரியக் கூடாதுன்னு திங்கிறாருன்னுல்ல நெனச்சேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அண்ணி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அந்த வெளிர்நீலச் சட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது, துவைக்காமல் வைத்திருந்திருக்கிறார். பைக்குள் விரல் விட்டுப் பாதி தீர்ந்த அசாம் பாக்கெட்டை எடுத்தார். இலையோரம் இருந்த சிகரெட் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அதை வைத்தார். பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண் ஆறுதலாக, "அவராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். "சொன்னாரு. நாந்தான் கேக்கல" என்றார் அண்ணி. அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அன்று வரை அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அண்ணி இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது படத்துக்கு முன்னால் ஒரு அசாம் வைக்கிறார். யாராவது கேட்டால், "விட்டுட்டாரு, அதுக்குத்தான்" என்று சொல்கிறார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கிறது.

ஒட்டுக்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் கோடு மழையில் மங்கிவிட்டதென்று அக்கா போன மாதம் மறுபடி பெயிண்ட் அடித்தார். மச்சானால் இன்னும் விட முடியவில்லை. விடப் பார்க்கிறார், வழுக்குகிறார், மறுபடி பார்க்கிறார். அண்ணன் போன புதிதில் அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்று ஒன்று முடிய இன்னொன்று பற்ற வைப்பதை இந்தப் பக்கம் உட்கார்ந்து சில நாள் பார்த்தேன். பிறகு ஒரு சாயங்காலம் கிளாஸை எடுத்துக்கொண்டு நானே மரத்தடிக்குப் போனேன். இப்போது தினமும் அங்கேதான் நிற்கிறேன். என் ரத்தக் கொதிப்புக்கு அசாம் உப்பு ஆகாது, இருந்தாலும் ஒரு பாக்கெட் என் சட்டைப் பையில் இருக்கிறது. மச்சான் பெட்டிக்குக் கை கொண்டுபோகும்போது அதை நீட்டுவேன். சில நாள் எடுத்துக்கொள்வார்.

போன வாரம் என் மனைவி துவைக்கப் போட்ட சட்டையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "நீங்க புடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த அசாம் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, சட்டையை மிஷினில் போடப் போனாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அண்ணன் ஒரு வருடம் காத்திருந்தார்.