கதவு ரப்பரும் தேங்காய் எண்ணெயும்

எனக்குச் சத்தம் ஆகாது. மோட்டார் கொட்டகையில் பெல்ட் கத்தினால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவேன். கேட் கீல் முனகினால் அதைச் சரிசெய்யாமல் வெளியே கிளம்ப மாட்டேன். "உங்களுக்கு உடம்பு முழுக்கக் காதுதான்" என்பாள் என் மனைவி. கோபமும் எனக்குக் கொஞ்சம் கூடுதல். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் காதும் இந்தக் கோபமும் சேர்ந்து என்ன செய்தன என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் தை மாதம் அவளுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டிருந்தோம். கர்ப்பப்பை வாயில் கட்டி. எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'கரண்ட் வைக்கிறாங்க' என்றால் போதும், எதிரில் நிற்பவர் முகம் மாறிவிடும். மொத்தம் இருபத்தைந்து நாள், சனி ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எங்கள் வீடு. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர அவ்வளவு. உள்ளே மேசையில் படுத்திருப்பது என்னவோ பத்து நிமிடம்தான். பையன் சிங்கப்பூரிலிருந்து வந்து முதல் வாரம் காரை ஓட்டினான். லீவு முடிந்ததும் போய்விட்டான். அப்புறம் நானும் அவளும் அந்தப் பழைய காரும்தான்.

இதற்கு நான்கு வருடம் முன்னால் இதே ரோட்டில் என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அவருக்குத் தொண்டையில். கரண்ட் வைக்கிற நாளில் பாதி முடிந்தபோது எச்சில்கூட விழுங்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குத் தாங்கவில்லை. "மனுஷன வறுத்தெடுக்கிறீங்களா?" என்று டாக்டரிடம் சத்தம் போட்டுவிட்டு, அண்ணனைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த அறுவடைக்கு அவர் இல்லை. முழுக்க முடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதனால் முதல் நாள் காரில் ஏறுவதற்கு முன்பே என் மனைவி சொல்லிவிட்டாள்: "இருபத்தஞ்சையும் முடிச்சாத்தான் நிறுத்தணும். நடுவுல உங்க கோவத்தக் காட்டி என்னையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க."

"ரொம்ப வலிச்சா என்ன பண்றது?"

"வலிச்சா நான் சொல்றேன்."

தினமும் கேட்டேன். தினமும் "இல்லைங்க" என்றாள்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ இடது பக்கப் பின்கதவு கத்த ஆரம்பித்தது. அவள் தலையணை வைத்துச் சாய்ந்து வரும் பக்கம். சமதளத்தில் ஒன்றும் இருக்காது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கதவும் கண்ணாடியும் அவற்றைப் பிடித்திருக்கும் ரப்பரில் உரசி, கீச்சென்று ஒரு சத்தம். பட்டுக்கோட்டை ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? ஒரத்தநாடு தாண்டுவதற்குள் என் பல் கூச ஆரம்பித்துவிடும். திரும்பி வரும்போது வெயிலில் ரப்பர் காய்ந்து இன்னும் மோசமாகக் கத்தும்.

"சனியன், இத முதல்ல சரி பண்ணணும்" என்றேன்.

"அது பாட்டுக்குக் கத்திட்டுப் போவுது. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. விடுங்க" என்றாள்.

எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நோயாளியைப் படுக்கவைத்துக்கொண்டு இந்தச் சத்தத்தோடு வண்டி ஓட்டுகிறோமே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மூன்றரை மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவள் அவள்தானே.

தென்னந்தோப்பில் பிறந்தவனுக்கு எண்ணெயைத் தவிர வேறு வைத்தியம் தெரியாது. தலைக்கு அதுதான், வெந்த புண்ணுக்கு அதுதான், கேட் கீலுக்கும் மருந்தடிக்கும் மெஷின் வாஷருக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோப்புக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், பழைய வேட்டித் துணியில் நனைத்து, நான்கு கதவு ரப்பரிலும் தடவினேன். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கிலும் தாராளமாக ஊற்றினேன். கார் முழுக்க முடி வெட்டுகிற கடை வாசனை. "வண்டிக்கு எண்ணெய் தேச்சாச்சு. இனி சீயக்காதான் பாக்கி" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் சத்தம் குறைந்தது. அது சம்பா அறுவடை நேரம். வழி நெடுக அறுப்பு மெஷின் ஓடுகிறது, ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டிருக்கிறார்கள், காற்றெல்லாம் நெல் சுணையும் வைக்கோல் தூசும். அவ்வளவும் எண்ணெயில் ஒட்டிக் கறுப்புக் களிம்பாகிவிட்டது. எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி இளகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். முன்பு பள்ளத்தில் மட்டும் கத்திய கதவு இப்போது வளைவிலும் கத்தியது. அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், அது உப்பிய ரப்பரில் சிக்கிக்கொண்டு கால்வாசிகூட இறங்கவில்லை. நான் நிறுத்தி இறங்கி ஓடுவதற்குள் மடியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

"பரவால்லைங்க, புடவைதானே" என்றாள். ரோட்டோரம் நின்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டபோது எனக்கு அழுகை வந்தது. வழக்கம்போல அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு காரின் டயரை உதைத்தேன்.

மறுநாள் பட்டுக்கோட்டையில் கார் சீட்டும் ரப்பரும் போடுகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"என்னங்க, தேங்காண்ணையா? ரப்பர எண்ணெய் தின்னுடுங்க. நம்ம ஊருல மாசம் நாலு வண்டி இப்படி வருது" என்றார்.

கெட்டுப்போன ரப்பரைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டார். கண்ணாடி ஓடும் இடுக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றிக் காயவிட்டார். பிறகு சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து ரப்பர் மேல் மெல்லிசாகத் தேய்த்தார். "இதுல தூசு ஒட்டாது. மண்ணு மட்டும் ரப்பர்ல தங்காம பாத்துக்குங்க, பெயிண்ட அறுத்துடும்" என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை, பதினாறாவது நாள். ஏசியைச் சின்னதாக வைத்துக்கொண்டு போனேன். காரில் ஒரு சத்தம் இல்லை. எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரே பெருமை. "பாத்தியா, எப்படி ஓடுது" என்றேன். பின்னாலிருந்து பதில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், ஒரத்தநாட்டுக்கு முன்னால் பாலத்துச் சரிவில் வண்டி இறங்கியபோது மறுபடியும் கேட்டது. மெல்லிய கீச்சு. அதே பக்கம். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இன்னொரு பள்ளத்தில் கவனித்தேன். அங்கும் கேட்டது. கையோடு எந்த இடம் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

வண்டி நின்ற பிறகும் சத்தம் கேட்டது.

நின்ற வண்டியில் ரப்பர் கத்தாது. அது எனக்குத் தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஒரு மனுஷி விடுகிற சத்தம் அது. இரண்டு மூச்சுக்குள் அடங்கிவிட்டது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றாள்.

"என்னவோ சத்தம் கேட்டுச்சு."

பின்னால் தலையணையை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ரப்பர்தாங்க. இன்னும் சரியாப் போகல போலருக்கு" என்றாள்.

"ஆமா, ரப்பர்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மிச்ச தூரம் ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். பள்ளம் வந்தால் கதவு கத்தும். பள்ளம் வந்தால்தான் அவளுக்கும் இடுப்புக்குக் கீழே உயிர் போகும். கதவு கத்துகிற அந்த நொடிக்காகக் காத்திருந்து அவளும் கத்தியிருக்கிறாள். ஒரு வாரமாக அந்தக் கதவு ஒன்றுதான் அவளுக்குத் துணை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனைப் போல அவளையும் நான் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். அவள் பயந்தது சரிதான். அந்த நிமிடம்கூட வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் டாக்டரின் சட்டையைப் பிடிக்கத்தான் எனக்குக் கை துடித்தது. கட்டின புருஷனிடம் வலிக்கிறது என்று சொல்ல முடியாமல் ஒருத்தியை வைத்திருந்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் வேறொன்று இல்லை.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போனதும் வாசலுக்குப் போனேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு அந்தக் கதவு ரப்பரில் இருந்த சிலிக்கானை முழுக்கக் கழுவினேன். தேங்காய் நாரால் அழுத்திச் சுரண்டினேன். அதுவும் போதாமல் தோப்பு மணலை ஒரு பிடி அள்ளி ரப்பரிலும் கண்ணாடி இடுக்கிலும் தேய்த்தேன். வாய்க்கால் மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் கத்தவில்லை. இன்னும் கொஞ்சம் மணல் போட்டேன். கீச்சென்று கத்தியது. எனக்கு உயிர் வந்தது.

அன்று அவளைக் கரண்ட் அறைக்குள் அனுப்பிவிட்டு டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். சத்தம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். அவர் வலி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். சத்து மாத்திரை என்று சொல்லி அவளை விழுங்க வைத்தேன்.

"சத்தம் திரும்ப வந்துடுச்சே" என்றாள் வழியில்.

"என்ன பண்ணியும் போக மாட்டேங்குது. அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டான்."

மிச்ச நாளெல்லாம் அப்படியே போனோம். பள்ளம் வரும், கதவு கத்தும், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாத்திரையால் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. வலிக்குதா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

இருபத்தைந்தையும் முடித்தாள். முடித்தும் ஆனி மாதம் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசி நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். இறங்குவதற்காகக் கதவு விளிம்பைப் பிடித்தவள், கையை எடுத்துப் பார்த்தாள். விரலெல்லாம் மணல். ரப்பரைத் திரும்பத் தடவிப் பார்த்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்து இறங்கினாள்.

இரண்டு எட்டு வைத்ததும் நின்றாள்.

"அந்தக் கடைக்காரரப் போய்த் திட்டிடாதீங்க" என்றாள்.